பாட்டு மேசையும் டெய்லர் மாஸ்டரின் வலது கையும்

எங்கள் அருங்காட்சியகத்தில் பத்தொன்பது வருடமாக ஒரே சொல்லைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர் ஒருவர் உண்டு. அந்தச் சொல் "தொடாதீங்க." அதனால் அவருக்குத் தொடாதக்கா என்று பெயர் வைத்தோம். என்னைவிட மூன்று வயது இளையவர்தான். ஆனாலும் அக்கா. அந்தக் குரலைக் கேட்ட பிறகு வேறு முறை வைத்துக் கூப்பிட யாருக்கும் வாய் வராது.

நான் டிக்கெட் கொடுப்பவன். வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் நான். ஓட்டை இருப்பதைப் பார்க்காமல் கண்ணாடியோடு பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்பவர்களை அதைவிடப் பிடிக்காது. "போய்ப் பார்த்தா தெரியும்" என்பேன். இரண்டு முறை புகார் போயிருக்கிறது. என் சுபாவத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் ஓரிடத்தில் எனக்கே கண் கலங்கியது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அக்காவின் இடம் மூன்றாம் அறை. பழைய கடிகாரங்கள் இருந்த அறை அது. மூலையில் ஒரு நாற்காலி. அதில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் போட மாட்டார், எழுந்திருக்கவும் மாட்டார். பார்க்க வந்தவரின் கை எழும்பும் முன்பே, எழும்பலாமா என்று அது யோசிக்கும்போதே, மூலையிலிருந்து குரல் வந்துவிடும். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். பத்தொன்பது வருடத்தில் மூன்றாம் அறையில் ஒரு கைரேகைகூடப் பதிந்ததில்லை. கண்ணாடி துடைப்பவர் அந்த அறைக்குள் வருவதையே நிறுத்திவிட்டார்.

அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். எல்லோருக்கும் டெய்லர் மாஸ்டர். எங்கள் யூனிபார்ம் எல்லாம் அவர் கையால் வந்ததுதான். அளவு எடுக்கும்போது மனிதர் ஆளை ஆளாகவே பார்க்க மாட்டார். "இடது தோள் எறங்கியிருக்கே, பொறந்ததுலேருந்தே இப்படியா, இல்ல நடுவுல எறங்குச்சா?" என்று நாலு பேர் நிற்கும்போது என்னைக் கேட்டார். அதன்பிறகு ஒரு வாரம் தோளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்கும் அவருக்கும் ஆகாது. ஆனால் அவர் தைத்த கால்சட்டை பதினோரு வருடமாக என் மானத்தைக் காப்பாற்றுகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் ஒரு நாள் காலை கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து கத்தரி விழுந்தது. விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. தரையில் சத்தம் கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தாராம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. இழுத்துக்கொண்டிருந்த கால் சரியாகிவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது, அது கொஞ்சம் நிதானமாகத் திரும்பியிருக்கலாம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். வலது கை மட்டும் வரவில்லை. விரல்கள் மெதுவாக மடங்கும், நிமிரும். ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே உணர்ச்சி அறவே இல்லை. சூடு தெரியாது, ஊசி தெரியாது, யாராவது பிடித்தால் பிடித்திருப்பது தெரியாது.

பயிற்சி சொல்லித்தர ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அக்கா அவர் கையைத் தொட வேண்டும். தெரிகிறதா என்று மாஸ்டர் சொல்ல வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தினம் அரை மணி நேரம். "தொட்டுக்கிட்டே இருந்தாத்தான் மூளை அந்தக் கைய ஞாபகம் வெச்சுக்கும். நீங்க விட்டுட்டா அதுவும் விட்டுடும். முதல் ஒரு வருஷம் ரொம்ப முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் பதினோரு நாள் ஒத்துழைத்தார். பன்னிரண்டாம் நாள் கையை இழுத்துக்கொண்டார்.

"தெரியுதா தெரியுதான்னு கேக்குற. தெரியல தெரியலன்னு சொல்லி எனக்கு வாய் வலிக்குது. இன்னும் நாலு நாள் போனா உன் மனசு ஆறட்டும்னு தெரியுதுன்னு பொய் சொல்லிடுவேன். அதுக்கு முன்னாடி நிறுத்திக்கலாம்."

அதோடு நிற்கவில்லை. தன் சட்டைகள் எல்லாவற்றிலும் வயிற்றுக்கு நேராக ஒரு பெரிய பை வைக்கச் சொன்னார். தைத்தது அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது மாஸ்டர். கோணல் என்று இரண்டு முறை பிரிக்க வைத்தார். மூன்றாம் முறை "சுமார்" என்றார். அன்றிலிருந்து வலது கை அந்தப் பைக்குள் குடியேறிவிட்டது. யாரும் தொடக் கூடாது, அக்கா உட்பட.

மதியச் சாப்பாட்டின்போது அக்கா இதையெல்லாம் என்னிடம், வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"இருபத்தேழு வருஷமா பிடிச்ச கை அண்ணே. இப்ப அது எப்படி இருக்குன்னே எனக்குத் தெரியல."

தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஒரு வருடம் முடிய அப்போது நாலு மாதம்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் கடிகாரங்களைக் கட்டி மாடிக்கு ஏற்றிவிட்டு மூன்றாம் அறைக்குள் ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டார்கள். மூன்று மாதத்துக்கு. செய்தவர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், முழங்காலில் கிழிந்த கால்சட்டை. மாஸ்டர் பார்த்திருந்தால் அங்கேயே உட்கார வைத்துத் தைத்துவிட்டிருப்பார். அந்த மேசைக்கு 'உங்களுக்கும் இன்னொருவருக்கும் நடுவே' என்று பெயர் எழுதி வைத்தார்கள். அவ்வளவையும் யார் சொல்வது? நாங்கள் பாட்டு மேசை என்றோம்.

மேசையின் இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. இரண்டு பக்கமும் மேசைமேல் ஆளுக்கொரு செப்புத் தகடு. எதிரெதிராக இருவர் உட்கார்ந்து, ஒரு கையைத் தகட்டில் வைத்துவிட்டு, மற்ற கையால் ஒருவரை ஒருவர் தொட வேண்டும். தோலும் தோலும் படும்போது நூலிழை அளவு மின்சாரம் ஓடும். எறும்பு கடித்த அளவுகூடத் தெரியாது. அது கூரையிலிருக்கும் ஸ்பீக்கர்களில் இசையாக வரும். ஒரு விரல்நுனி பட்டால் மெல்லிய குழல் சத்தம். இரண்டு விரல் பட்டால் சத்தம் தடிக்கும். உள்ளங்கை முழுவதும் படிந்தால் அறையே அடிவயிற்றிலிருந்து முனகும். தட்டினால் தாளம். கையை எடுத்தால் ஒன்றும் இல்லை.

திறந்து வைக்க வந்த பெரிய மனிதர் தொடுதலின் மகத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு எதையும் தொடாமல் காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து பொதுமக்கள்.

எத்தனை முறை இசை வந்தது என்று மேசையே எண்ணி வைத்துக்கொள்ளும். முதல் நாள் மாலை பார்த்தார்கள், பூஜ்யம். முந்நூறு பேர் உள்ளே போயிருக்கிறார்கள், டிக்கெட் கிழித்தவன் நான், எனக்குத் தெரியாதா? இரண்டாம் நாளும் பூஜ்யம். மின்சாரக்காரர் வந்து மேசையைக் கழற்றி மாட்டினார். பழுது இல்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே வந்து கதவோரம் நின்று பார்த்தார். ஒரு புது ஜோடி உட்கார்ந்தது. பையன் கை நகர்ந்தது. மூலையிலிருந்து குரல் வந்தது.

"தொடாதீங்க."

இருவரும் எழுந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் அதிகாரி அக்காவைக் கூப்பிட்டார். "ஏம்மா, 'தொடுங்கள்'னு இவ்வளவு பெருசா போர்டு வெச்சிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன் சார். அது வர்றவங்களுக்கு. எனக்கு ஒண்ணும் ஆர்டர் வரலயே."

அதிகாரி கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார், தன்னுடைய மேசையை. பிறகு ஆர்டர் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூன்றாம் அறையில் உள்ளவற்றைத் தொட அனுமதி உண்டு, தயங்குபவர்களை ஊழியர் ஊக்குவிக்க வேண்டும். அக்கா அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஊக்குவித்தார். கைது செய்ய வந்தவர் மாதிரி எதிரே நின்று "தொடுங்க" என்பார். "நாங்க சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்று யாராவது இழுத்தால், "பார்க்கறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. தொடுங்க" என்பார். பயத்தில் தொட்டார்கள். தொட்டதும் சத்தம் வந்தது. சத்தம் வந்ததும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எழுந்திருக்கவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் கட்டை விரலால் மல்லுக்கட்டி, மழையும் இடியும் கலந்தது போல் ஒன்றை இருபது நிமிடம் வாசித்தார்கள். வரும்போது பேசிக்கொள்ளாமல் வந்த ஒரு கணவனும் மனைவியும் புறங்கையில் மாறி மாறித் தட்டிக்கொண்டே சண்டையை முடித்தார்கள். போகும்போது நடுவில் இடைவெளி இல்லை.

தனியாக வருகிறவர்கள்தான் பிரச்சினை. மேசைக்கு இரண்டு பேர் வேண்டும். அதற்கும் ஆர்டர் கேட்டு வாங்கினார் அக்கா. தனியாக வந்தவருக்கு எதிரே தான் உட்கார்ந்து ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டுவார். ஒவ்வொருவருக்கும் பிறகு கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார்.

தினமும் காலை ஒன்பதரைக்கு மேசையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கும் இரண்டாம் ஆள் வேண்டுமே. என்னைக் கூப்பிட்டார். பத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்திருக்கிறோம், அன்றுதான் அக்காவின் விரல் முதன்முதலாக என் விரல்மேல் பட்டது. கூரையிலிருந்து கிழட்டு ஆடு கத்துகிற சத்தம் வந்தது.

"உங்க கை ரொம்பக் காஞ்சு கெடக்கு அண்ணே."

"டிக்கெட் கிழிச்சுக் கிழிச்சு இப்படி ஆயிடுச்சு."

மறுநாள் கையைக் கழுவி ஈரத்தோடு போனேன். ஆட்டுக்குக் கொஞ்சம் வயது குறைந்திருந்தது. இரண்டாம் வாரத்தில், அக்கா மூன்று தட்டு தட்டினால் நான் இரண்டு தட்டு தட்டி முடிப்பது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சோதனைக்கு அது தேவையே இல்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வியாழக்கிழமை ஓர் அம்மாள் தனியாக வந்தார். சர்க்கரை நோயில் விரல்நுனிகள் மரத்துப்போய் வருடக்கணக்காகிவிட்டது என்று அவரே சொன்னார். அக்கா விரலை நீட்டித் தொட்டார். குழல் சத்தம் வந்தது. அந்த அம்மாள் கூரையைப் பார்த்தார், பிறகு தன் விரலைப் பார்த்தார்.

"நீங்க தொட்டது எனக்குத் தெரியவே இல்லம்மா. ஆனா காதுல கேக்குது. கேக்கறப்போ தொட்ட மாதிரியே இருக்கு."

வேலை நேரத்தில் அக்கா மூன்றாம் அறையை விட்டு வெளியே வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று என் கூண்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து ஓட்டைக்குள் முகத்தை வைத்தார்.

"அண்ணே, அவருக்குக் காது நல்லாத்தானே இருக்கு?"

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மாஸ்டரை வீட்டை விட்டுக் கிளப்புவது லேசில்லை. கை போனதிலிருந்து கடைக்குக்கூடப் போகாதவர். பாட்டு, மேசை, வைத்தியம் என்று சொன்னால் பையின் வாயை இன்னும் இறுக்கிக்கொள்வார். அக்கா எதுவும் சொல்லவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே, யாரிடமோ பேசுவது போல, "எங்க பெஞ்சு மெத்தைக்கு உறை போட்டிருக்காங்க பாருங்க, தையலெல்லாம் சுருங்கிக் கெடக்கு" என்றார்.

"எங்க சுருங்கியிருக்கு?"

"மூலையில."

"எந்த மூலை?"

"நாலு மூலையும்தான்."

மாஸ்டர் அன்று அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாள் காலை எழுந்ததும் "என்ன நூல் போட்டிருக்கான்?" என்றார். சாயங்காலம் "வரிக்கோட்டுத் துணியா, வெறும் துணியா?" என்றார். வரிக்கோடு, அதுவும் மூலையில் கோடு கோட்டோடு சேரவில்லை என்று அக்கா சொன்னார். மாஸ்டர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் "உங்களுக்கு என்னைக்கு லீவு?" என்று கேட்டுவிட்டார்.

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். பதிவேட்டில் 'மின்சாரச் சோதனை' என்று எழுதினேன். என் சரித்திரத்திலேயே நான் எழுதிய ஒரே பொய் அது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

மாஸ்டர் பெஞ்சின் முன் குனிந்தார். வலது கை பைக்குள். இடது கையால் உறையின் மூலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இவன் கையில ஊசியக் குடுத்தவன் யாரு? அவன முதல்ல உள்ள தூக்கிப் போடணும்."

"அந்தப் பக்கம் இன்னும் மோசங்க. உக்காந்து பாருங்க" என்றார் அக்கா.

உட்கார்ந்தார். எதிரே அக்கா உட்கார்ந்தார். நான் சுவரோரம் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, ஸ்விட்சைப் பார்ப்பது போல நின்றுகொண்டேன். மாஸ்டரின் இடது கையை அக்கா நகர்த்தித் தகட்டின்மேல் வைத்தார். தன் இடது கையை இந்தப் பக்கத் தகட்டில் வைத்துக்கொண்டு, மேசைக்கு மேலாக எட்டி, பைக்குள்ளிருந்து அவர் வலது கையை வெளியே எடுத்தார். எடுத்ததுமே சத்தம் வந்தது.

"விடு" என்றவர் நிறுத்திவிட்டார். "என்ன சத்தம் அது?"

"நீங்கதான்."

"நானா?"

அக்கா கையை எடுத்தார். சத்தம் நின்றது. ஒரு விரலால் தொட்டார். குழல் வந்தது. எடுத்தார். நின்றது. மாஸ்டர் தன் வலது கையைப் பார்த்தார், எட்டு மாதத்துக்கு முன் கடன் வாங்கிப் போனவன் திடீரென்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பது போல. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"மறுபடி தொடு."

தொட்டார்.

"ஒரு விரல்" என்றார் மாஸ்டர். பிறகு "ரெண்டு." பிறகு "மூணு. இல்ல இல்ல, ரெண்டேதான், அழுத்தற." பிறகு அக்கா தன் உள்ளங்கையை அப்படியே அவர் கைமேல் வைத்துவிட்டார். அறை முனக ஆரம்பித்தது. மாஸ்டர் எண்ணுவதை விட்டுவிட்டார். அக்காவும் எடுக்கவில்லை. நான் ஸ்விட்சை ரொம்ப நேரம் பார்த்தேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது.

அதன்பிறகு ஆறு திங்கட்கிழமை வந்தார்கள். மாஸ்டருக்கு அது விளையாட்டாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு எத்தனை விரல் என்று சொல்வார். அக்கா ஏமாற்றுவார். நகத்தால் தொடுவார், சத்தம் வராது. "நகமெல்லாம் சேராது, ஆட்டத்த ஒழுங்கா ஆடு" என்பார் அவர். தாளம் போட்டார்கள். ஒரு திங்கட்கிழமை அக்கா சிரித்ததை நான் கேட்டேன். பத்தொன்பது வருடமாக அந்தத் தொண்டையில் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. இன்னொரு நாள் மாஸ்டர் "டிக்கெட்டு, நீயும் வா" என்றார். மூன்று பேருமாகக் கை கோத்தோம். ஆட்டுச் சத்தம்தான் முன்னால் வந்தது. "உன்ன எங்க சேர்த்தாலும் இப்படித்தான்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

ஆனால் கையில் உணர்ச்சி வரவில்லை. கடைசித் திங்கட்கிழமை மாஸ்டரே அதைச் சொன்னார்.

"கையில ஒண்ணும் தெரியல. காதுலதான் தெரியுது. மேசை போச்சுன்னா அதுவும் போச்சு."

மேசை போகத்தான் போனது. மூன்று மாதம் முடிந்தது. இன்னும் ஒரு மாதம் வைத்திருக்க முடியுமா என்று அக்கா அதிகாரிக்கு மனு எழுதிக் கொடுத்தார். தன் வாழ்நாளில் அவர் எழுதிக் கொடுத்த முதல் மனு. முடியாது என்று பதில் வந்தது. கிழிந்த கால்சட்டைப் பெண்ணிடமும் கேட்டார். அடுத்தடுத்து மூன்று ஊர்கள் காத்திருக்கின்றன என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். மேசையைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றினார்கள். மாடியிலிருந்து கடிகாரங்கள் இறங்கி வந்தன. மாஸ்டரின் கை பைக்குள் போய்விட்டது. ஒரு வருடம் முடிய அப்போது ஐந்து வாரம்.

மூன்று நாள் கை வெளியே வரவில்லை. அக்கா மூன்று நாளும் சாப்பிட்டுக்கொண்டே வெறுமனே கடிகாரங்களைப் பற்றிப் பேசினார். நான் கேட்டுக்கொண்டேன். அவர் பயந்துபோயிருந்தார். எனக்கும் பயமாக இருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் மாஸ்டர் சமையலறை மேசையில் உட்கார்ந்து இடது கையால் காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா எதிரே உட்கார்ந்தார். ஒன்றும் கேட்காமல் பைக்குள் கையை விட்டு வலது கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு விரலால் தொட்டார். தொட்டுக்கொண்டே, வாயை மூடி "ம்ம்" என்று இழுத்தார்.

அக்காவுக்கும் பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பின்போது இவரை மட்டும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவார்களாம்.

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன இது?"

"பாட்டு மேசை."

"ஸ்பீக்கர் அவிஞ்சு போயிருக்கு."

ஆனால் கையை எடுக்கவில்லை. அக்கா இரண்டு விரலை வைத்து இன்னும் கனமாக இழுத்தார். உள்ளங்கையை வைத்து அடிவயிற்றிலிருந்து முனகினார். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "எங்களுக்கு வேலை இருக்கு" என்று பதில் சொல்லி அனுப்பினார்.

அன்று முதல் தினமும் அரை மணி நேரம். தொடும்போது அக்கா இழுப்பார், எடுக்கும்போது நிறுத்துவார். எத்தனை விரல் என்று மாஸ்டர் சொல்வார். "நேத்து ரெண்டு விரலுக்கு வேற சத்தம் போட்ட, இன்னைக்கு வேற போடற, அளவுன்னு ஒண்ணு வேணாமா?" என்று சண்டை போடுவார். அக்கா மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் பாடிக் காட்டி எது ஒன்று, எது இரண்டு என்று கேட்டுச் சரிபார்த்துக்கொள்வார். மற்ற ஊழியர்கள் வேறு மேசைக்குப் போய்விட்டார்கள்.

நாலாம் வாரம் அக்காவுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. அடுத்த நாள் காலை வேலைக்கு வந்தவர் நேரே மூன்றாம் அறைக்குப் போகவில்லை. என் கூண்டின் முன் வந்து நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அக்காவுக்குக் குரல் சுத்தமாக இல்லை. ஓட்டையில் வாயை வைத்து, காற்றால்தான் பேசினார். நான் காதை வைத்துக் கேட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் வழக்கம்போல மாஸ்டர் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாராம். குரல் இல்லையே என்று சொல்லக்கூட இவருக்குக் குரல் இல்லை. சரி, முயன்று பார்ப்போம் என்று அவர் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் விரலை அழுத்தி வைத்து வாயைத் திறந்திருக்கிறார். வெறும் காற்று. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி முயலலாம் என்று அப்படியே இருந்திருக்கிறார்.

"தொட்டுட்டு ஏன் சும்மா இருக்க? பாடு" என்றாராம் மாஸ்டர்.

அக்கா விரலை எடுத்தார்.

"ஏன் எடுத்துட்ட?"

அக்கா இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். மாஸ்டர் பேசாமல் காத்திருந்தார். அக்கா மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார். "ஆங், இப்ப பாடு." சுண்டு விரலில் வைத்தார், ஒன்றும் இல்லை. மேட்டில் வைத்தார். "என்ன, வெச்சு வெச்சு எடுக்கற? விளையாடுறியா?" பத்து முறை செய்து பார்த்திருக்கிறார். எட்டு முறை மாஸ்டர் சரியாகச் சொல்லிவிட்டார், தான் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல்.

அவர் கண்ணைத் திறந்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"ஏன் அழற? தொண்டை வலியா?"

"நான் பாடவே இல்லங்க" என்று அக்கா காற்றால் சொன்னார்.

மாஸ்டருக்கு அது உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்ததாம். பிறகு எழுந்துபோய், துணியில் கோடு போடும் சாக்கட்டியை அவரே எடுத்துவந்தார். அக்கா அழுத்த அழுத்த, "தெரியுது, தெரியல, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே, தெரிகிற இடத்தைச் சுற்றி இடது கையால் கோடு போட்டார். நாடாவை வைத்து அளந்தார். நீளம் முக்கால் அங்குலம், அகலம் அரை அங்குலம்.

"முக்கால் அங்குலம் அண்ணே" என்றார் அக்கா.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வரிசையில் முன்னால் நின்றவர் கண்ணாடியைத் தட்டி, "உள்ள என்னங்க இருக்கு?" என்று கேட்டார். அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"அப்புறம் என்ன சொன்னார் மாஸ்டர்?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"கண்ண மூடிக்கிட்டு, இப்ப பாடுன்னாரு. இனிமே எதுக்குங்க, உங்களுக்குத்தான் தெரியுதேன்னு சொன்னேன். தெரிஞ்சா என்ன, பாட்டு இல்லாம ஒரு மாதிரி இருக்குன்னாரு. குரல் இல்லையேங்கன்னேன். பரவாயில்ல, காத்தயாவது விடுன்னாரு."

"விட்டீங்களா?"

"அரை மணி நேரம் விட்டேன் அண்ணே."